வாசனை இல்லாத அறை

அன்புள்ள சின்னிக்கு,

இவ்வளவு வருஷம் எதுக்கும்மா உழைச்சே, கடைசில கீழ இறங்கிப் போறதுக்கா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, நீ நம்பிவிடுவாயோ என்ற பயத்தில் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அப்பா சுகம், முழங்கால் நீங்கலாக. நான் சுகம், நான் நீங்கலாக. நீ சுகமா என்று கேட்டால் சூப்பர் என்பாய், அதனால் அதைக் கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டு யோசனை சொல்லிவிடுகிறாய், அதற்காகத்தான் இந்தக் காகிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருநாள் உன்னை மோப்ப அறைக்குக் கூட்டிப்போனேன், உன் தலையில் இருந்த ஷாம்பு வாசனைக்காக வாசலிலேயே உன்னை நிறுத்திவிட்டார்கள், நீ அழுத அழுகையில் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். எங்கள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கருவி இல்லாத அறை அது ஒன்றுதான், மனிதர்களின் மூக்குதான் அங்கே கருவி. மூன்று கண்ணாடிக் குடுவை வைப்பார்கள், இரண்டில் வாசனையே இல்லாத தண்ணீர், ஒன்றில் ஏதோ ஒரு தெருக்குழாயின் தண்ணீர், இளஞ்சூடாக்கி, குலுக்கி, மூடியைத் திறந்து, எது வேறு என்று சொல்ல வேண்டும். அங்கே உட்காருகிற நாளில் வாசனைச் சோப்பு கூடாது, பவுடர் கூடாது, காபி கூடாது. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மாதிரி நீயும் சென்ட் போட்டுக்கோம்மா என்று நீ நச்சரித்த வருஷங்கள் எல்லாம் நான் அந்த மேசையில் இருந்த வருஷங்கள். என்னை அங்கே மூக்கம்மா என்றார்கள், எனக்கு அதில் பெருமைதான். ஏரியில் பாசி பிடிக்க ஆரம்பித்தால் ஊரில் ஒருவரும் புகார் செய்வதற்கு முன்பே தண்ணீரில் அதை நான் பிடித்துவிடுவேன். அதற்குப் பரிசாக என்னை மாடிக்கு அனுப்பினார்கள். நன்றாக முகரத் தெரிந்தவளை முகரவே விடாமல் செய்வதற்குப் பெயர் பதவி உயர்வு. நீங்கள் எல்லோரும் கேக் வெட்டினீர்கள், நானும்தான் சாப்பிட்டேன்.

மாடியில் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கூட்டத்தில் உட்கார்ந்தேன், அடுத்த கூட்டத்துக்கு ஸ்லைடு தயாரித்தேன், கீழே இரண்டு பேர் வேலையை விட்டுப் போனபோது புது ஆள் கேட்டு எழுதினேன், எழுதிக்கொண்டே இருந்தேன், ஆள் வரவில்லை, அவர்கள் வேலையும் வீட்டுக்கு என்னோடு வந்தது. அப்புறம் ஒருநாள் கூட்டத்தின் நடுவில் கீழே இருந்து சுருட்டை ஓடிவந்தாள். சுருட்டைமுடிக்காரி, மோப்ப அறையை இப்போது பார்த்துக்கொள்கிற பெண், உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மேடம், புகார்த் தண்ணி, ஆளுக்கொண்ணு சொல்றோம், முடிவு ஒத்துவரல, நீங்க ஒரு தடவை பாத்துடுங்க என்று குடுவையை நீட்டினாள். திறந்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீரில் ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை, என் மூக்கில் ஒன்றுமில்லை. சுவரை முகர்ந்தது போல இருந்தது. தெரியலையே என்றேன், கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, எனக்கு அழுகை வருகிறது என்பதே அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இயக்குநர் என்ன சொன்னார் தெரியுமா? மேடத்துக்கு யாராவது தண்ணி குடுங்க, நாம அடுத்த ஸ்லைடுக்குப் போயிடலாம் என்றார்.

டாக்டர் மூக்கில் கோளாறு இல்லை என்றார், ஓய்ந்துபோன மனசு எதையும் வாங்கிக்கொள்ளாது, ஓய்வெடுங்க என்றார், அதுவரை சரி. அப்புறம் வயதைக் கேட்டார், சொன்னேன், ஓ, அப்ப இந்த வயசுல லேடீஸுக்கு எல்லாம் அப்படித்தான் என்று பேனாவை மூடிவிட்டார். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது, தூக்கம் கலைகிறது, அதெல்லாம் வயதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று பேர் வேலையை என் தலையில் கட்டியது என் வயதா? இளைஞன் களைத்துப்போனால் வேலை அதிகம், நான் களைத்துப்போனால் வயது. படித்த மனிதர், அவரிடம் இதைச் சொல்லவில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்தேன், என் பழக்கம் உனக்குத் தெரியும். லீவில் வீட்டில் இருந்தபோது ஒரு காலையில் அடுப்பில் பால் அடிப்பிடித்துக் கரிந்து புகை கூடம்வரை வந்தது, நான் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அப்பா ஓடிவந்து, என்ன மூக்கம்மா, தூங்கிட்டியா என்று சிரித்தவர் என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து பாத்திரம் அவர் பொறுப்பு. தேய்க்கிறார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

இப்போது கேள், சிரிக்காமல் கேள். ஆபீஸிலிருந்து எனக்கு ஒரு கூடை வந்தது. ஊழியர் நல அதிகாரி என்று ஒரு பெண் இருக்கிறாள், நல்ல பெண்தான், அவள் அனுப்பியது. உள்ளே வாசனை மெழுகுவர்த்தி, வாசனை எண்ணெய், ரோஜாச் சோப்பு, உங்களை நீங்களே கொண்டாடுங்கள் என்று ஒரு அட்டை. மூக்கு வைத்துப் பிழைக்கிற கூடத்திலிருந்து, மூக்கு போய்ப் படுத்திருக்கிறவளுக்கு! அதோடு விட்டார்களா? என்னைப் பார்த்துப் பயந்து, மற்றப் பெண்களும் இப்படி விழுந்துவிடக்கூடாது என்று மூச்சுப் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். எங்கே வைத்தார்கள்? கட்டடத்திலேயே அமைதியான அறை எது என்று தேடி மோப்ப அறையில். விளக்கை அணைத்து, கம்பளம் விரித்து, அதே மெழுகுவர்த்தியை வரிசையாக ஏற்றி வைத்து எல்லோரையும் ஆழமாக மூச்சு இழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் எந்தக் குடுவையைத் திறந்தாலும் லாவெண்டர். சுவரைக் கழுவி, காற்றுச் சல்லடையை மாற்றி, பல வாரம் அந்த அறை செத்துக் கிடந்தது, அந்தச் சமயம் பார்த்துத் தெற்குத் தெருக்களிலிருந்து தண்ணீரில் மண்நாற்றம் என்று புகார் குவிந்தது, பாவம் சுருட்டை சாமான் அறையில் குடுவைகளை வைத்துக்கொண்டு தடுமாறியிருக்கிறாள். விளக்கம் கேட்டு மெமோ யாருக்கு வந்தது? சாவி உன்கிட்டதானே இருந்துச்சு என்று அவளுக்கு. இரண்டு ஆள் கேட்டால் இரண்டு டஜன் மெழுகுவர்த்தி.

போன வாரம் இயக்குநரும் அந்த நலப் பெண்ணும் வீட்டுக்கே வந்தார்கள். துணை இயக்குநர் பதவி காலியாம், எனக்குத்தானாம், லீவு முடிந்து வரும்போது நேராக அந்த நாற்காலிக்கே வரலாமாம். கூடவே நான் மேடையேறிப் பேச வேண்டும். உங்க கதை மத்த லேடீஸுக்கு இன்ஸ்பிரேஷன் மேடம், போஸ்டர்கூட டிசைன் பண்ணிட்டோம் என்று அந்தப் பெண் போனில் காட்டினாள், என் பழைய போட்டோ, கீழே ‘எரிந்தும் ஒளிர்பவர்’ என்று. நான் என்ன மெழுகுவர்த்தியா? எரித்தவர்களே வந்து ஒளியைப் பாராட்டுகிறார்கள். யோசிச்சுச் சொல்றேன் என்று டீ கொடுத்து அனுப்பினேன், அவர்கள் போனபிறகு டீக்கோப்பையை வைத்த வைப்பில் அதன் கைப்பிடி உடைந்தது, நீ வாங்கிக்கொடுத்த நீலக் கோப்பை, மன்னித்துக்கொள்.

நான் முடிவு செய்துவிட்டேன். நாளைக்குப் போய் மோப்ப அறைக்கே மாற்றல் கேட்கப்போகிறேன், இரண்டு படி கீழே. சித்திக்குச் செய்தி போய்விட்டது, உடனே போன். வர்ற லட்சுமிய எட்டி உதைக்கிறியே, உனக்கென்ன கிறுக்கா, நாலு பேர் கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டும் என்கிறாள். அக்காவுக்குக் கிறுக்கு என்று சொல் என்றேன். அப்பா உன் இஷ்டம் என்கிறார், எந்த மாதிரி உன் இஷ்டம் என்று உனக்கே தெரியும். நீ அனுப்பிய வீடியோவில் ஒருத்தி வெற்றிக்குப் புது அர்த்தம் கண்டுபிடியுங்கள் என்று பேசுகிறாள். பழைய அர்த்தத்தைக் கண்டுபிடித்தது யார், அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் புது அர்த்தம் ஒன்றும் கிடைக்கவில்லை சின்னி. எனக்கு அந்த மேசை வேண்டும், கேட்டால் தெரியும் அல்லது தெரியாது என்று சொல்லிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். இதில் ஒரு பயம் இருக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மாடியில் இருந்து வந்தவர் யாரானாலும் மறுபடி சோதனையில் தேறித்தான் அங்கே உட்கார முடியும். என் மூக்கு திரும்பிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. திரும்பவில்லை என்றால் மேலேயும் இல்லை கீழேயும் இல்லை.

கடைசியாக உன்மேல் உள்ள கோபம். இந்த வாரம் ஆபீஸ்லயே தூங்கிட்டேம்மா, டீம்ல நான்தான் ஸ்ட்ராங் என்று சிரித்துக்கொண்டே சொன்னாய் பார், எனக்கு இயக்குநரைவிட உன்மேல்தான் ஆத்திரம் வந்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், என்னிடமும் அது ஒன்று இருந்தது. நீ ஸ்ட்ராங்காக இருக்க வேண்டாம், மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு உன் கட்டிலில் படு. அந்தக் கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டு, மூன்று மாதமாகச் சொல்கிறேன். படுக்கும்போது ஹீட்டரை அணை. நீ நன்றாக இருப்பாய், இருக்க வேண்டும், என் கோபமும் சேர்ந்து உன்னைக் காக்கட்டும்.

உன் அம்மா

மறுநாள் மாலை. இதைத் தபாலில் போடாமலே போனேன், அதனால் சேர்த்து எழுதுகிறேன். இயக்குநர் சிரித்தார், இது எமோஷனல் டிசிஷன் மேடம், ரெண்டு நாள் டைம் எடுத்துக்குங்க என்றார். நான் ரெண்டு வருஷமா ஆள் கேட்டேன், நீங்க எனக்குச் சோப்பு அனுப்பினீங்க என்றேன். குரல் உயரவில்லை, ஆனால் வெளியே வந்துவிட்டது. போஸ்டரை எடுத்துடுங்க, சுருட்டையோட மெமோவையும் எடுத்துடுங்க என்றேன். மெமோவைப் பார்ப்பதாகச் சொன்னார், என் மாற்றலுக்கு மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார், எழுதுவாரோ மாட்டாரோ. கீழே போனேன். சுருட்டை மூன்று குடுவை வைத்தாள், நடுவில் இருந்ததைக் காட்டினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது, அது இல்ல மேடம் என்றாள். தப்பு, அவ்வளவுதான், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. திருப்பி வை என்றேன். இரண்டாவது தடவை மூன்றாம் குடுவையில் மிக லேசாக, பீட்ரூட் தோலில் ஒட்டியிருக்கிற மண் மாதிரி. சரி என்றாள், ஆனால் ஒரு தப்புக்கு ஒரு சரி போதாது, சோதனை வியாழக்கிழமை. வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, பால் அடிப்பிடிக்குது என்று கத்தினேன். இப்பத்தானே வெச்சேன் என்று அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன், பிடித்துத்தான் இருந்தது. நீங்களே தேய்ங்க என்றேன். தேய்த்துக்கொண்டிருக்கிறார், உனக்கே கேட்கும்.