சோப்புக் கோடு கறுக்கும் நேரம்

இன்று காலை இடது கை ஊன்றுகோலில் துணி சோப்பைத் தேய்த்து ஒரு கோடு போட்டேன். பிறகு கொல்லையில் இருந்த உங்கள் கார்பைடு டிரம்மில் தண்ணீர் விட்டேன். உடனே அந்தப் பூண்டு வாடை எழுந்தது. நீங்கள் போனதிலிருந்து அதைத் திறக்கவே இல்லை. பக்கத்து வீட்டு நஸீமா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "இன்னாக்கா, அண்ணன் பத்த வெக்க ஆரம்பிச்சிட்டாரா?" என்றாள். கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், சட்டென்று உள்ளே போய்விட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு நொடி எனக்குமே அப்படித்தான் தோன்றியது.

முதலில் உடைந்தது வலது கை ஊன்றுகோல். ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில், ஷிப்ட் மாறுகிற கூட்டத்தில், கைப்பிடி தனியாகக் கழன்று என் கையோடு வந்துவிட்டது. போலியோ வந்த கால் தாங்குமா? விழுந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் மறுநாளிலிருந்து உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து தையல் மிஷின் வரை போக வேண்டியிருந்ததே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வழியில் நிற்கிறவர்கள் எல்லாம் பாவம் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அத்தனை வருடம் நான் போனால் யாரும் ஒதுங்கியதில்லை, நான்தான் அவர்களை விலகச் சொல்லித் திட்டுவேன்.

புதிது ஒன்று வாங்கிப் பார்த்தோம். பட்டன் அழுத்தி உயரம் மாற்றுகிற ரகம். ஒவ்வொரு அடிக்கும் லொடலொடவென்று ஆடியது. பழையது என் உயரத்துக்கென்றே அறுத்தது. கல்யாணமான வருடம் அதன் பிடியில் நீங்கள் ஆட்டுத்தோல் சுற்றித் தைத்திருந்தீர்கள். அதை ஒட்டித் தரக் கேட்டால், வெல்டிங் கடைக்காரர்கள் மெல்லிய அலுமினியக் குழாய், ஓட்டை விழுந்துவிடும் என்று கைவிரித்தார்கள். "நான் பத்த வெக்கறேன்" என்றீர்கள். நீங்கள் கம்பெனியில் ஃபிட்டர், இரும்பைக் கண்ணை மூடிக்கொண்டு பற்றவைக்கிறவர். அலுமினியத்தைத் தொட்டதே இல்லை. அதைச் சொன்னதற்கு, "அதுவும் உலோகந்தானே" என்று வீறாப்பு வேறு.

மேல்விஷாரத்தில் ஒரு டிங்கரிங் கடைக்காரர் புது மிஷின் வாங்கிவிட்டு ஓரங்கட்டிய பழைய கேஸ் செட் உங்களோடு வீடு வந்து சேர்ந்தது. கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டு கேஸ் வருகிற டிரம், வெடித்த ரப்பர் குழாய், வாடகை ஆக்ஸிஜன் சிலிண்டர். குழாயை மட்டுமாவது மாற்றினால்தான் பற்றவைக்க விடுவேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். "நீ எப்பவுமே அப்டித்தானே நிக்கற" என்று சிரித்தீர்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த ஊன்றுகோலாலேயே அடித்திருப்பேன்.

பழகுவதற்கு என் சமையலறைதான் கிடைத்தது. பால் பாத்திரம், குடத்து மூடி, இரண்டு இட்லித் தட்டு. இரும்பு மாதிரி சிவக்கும் சிவக்கும் என்று காத்திருந்தீர்கள். அலுமினியம் சிவக்காது. வெள்ளையாகவே இருந்து, திடீரென்று பொத்தென விழுந்துவிடும். மூன்றாவது இட்லித் தட்டை அவசரத்தில் நான் சரியாக அலசாமல் கொடுத்துவிட்டேன். விளிம்பில் சோப்பு காய்ந்து கோடாக இருந்தது. நெருப்புப் பட்டதும் அந்தக் கோடு பழுப்பேறி, கறுத்தது. கறுத்த கொஞ்ச நேரத்தில் தட்டு உருகியது. அடுத்த தட்டில் நானே சோப்பைத் தேய்த்துக் கொடுத்தேன். அதேபோல் கறுத்தது. பிறகு நிதானமாக நாலு எண்ணினால், உருக்கி ஒட்டுகிற கம்பியை வைக்கலாம் என்று பிடிபட்டது.

ஆனால் கறுப்புக் கண்ணாடிக்குள், புரை விழ ஆரம்பித்திருந்த உங்கள் கண்ணுக்கு அந்தக் கோடு தெரியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றீர்கள். நான் உங்கள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "பழுக்குது... கறுக்குது... ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லச் சொல்ல, நீங்கள் கையை நகர்த்தினீர்கள். கைப்பிடி ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நாம் இரண்டு பேரும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

ஒரு வாரம் கம்பெனிக்குக் கொண்டுபோகாமல் ஆணியில் மாட்டி அழகு பார்த்தோம். எடுத்தபோது ஒட்டின இடம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. நகத்தால் கீறினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பற்றவைக்கத் தூவின மருந்துப் பொடியும் ஒரு வகை உப்புதான், அதை நாம் கழுவவே இல்லை. தோல் பதனிடுகிற ஷாப்பில் உப்புத் தோலை அலசுகிறவரின் மகள் நான், எனக்கே அது தோன்றவில்லை. "உப்ப கழுவாம எந்தத் தோலையாவது வெச்சிருக்காங்களா?" என்று என்னையே திட்டிக்கொண்டேன். நீங்கள் மறுபடி டிரம்மில் தண்ணீர் விட்டீர்கள்.

இரண்டாம் தடவை கொதிக்கிற வெந்நீரில் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். நான் கை நீட்டினேன். "இரு. மொதல்ல நான் நடந்து பாக்கறேன்" என்றீர்கள். இரண்டு ஊன்றுகோலையும் வாங்கி, இடது காலைத் தூக்கிக்கொண்டு, என்னைவிட ஒன்றரை மடங்கு இருந்த உடம்பை அதன்மேல் சாய்த்து, கொல்லைக் கதவிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை என் நடையை நடந்தீர்கள். வேடிக்கைக்குத்தான் செய்கிறீர்கள் என்று நினைத்துச் சிரித்தேன். திரும்பி வந்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது, மூச்சு வாங்கியது.

"தெனமும் இப்டியா நடக்கற?" என்று கேட்டீர்கள். பதினெட்டு வருடம் கூடவே இருந்தவர் அன்றைக்குத்தான் கேட்டீர்கள். எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்டாமல் ஊன்றுகோலைப் பிடுங்கிக்கொண்டேன். மறுநாள் கேட்டிலிருந்து மிஷின் வரை நானே போனேன். வழியில் நின்ற இருவரை விலகச் சொல்லித் திட்டினேன்.

அதன்பிறகு எத்தனை வீட்டுக் குக்கர், எத்தனை பாத்திரம்! எல்லாவற்றுக்கும் நீங்கள்தான் நெருப்பைப் பிடித்தீர்கள், நான் கோடு பார்த்தேன். ஒரு தடவை மட்டும், "இந்தா, நீயே புடி" என்றீர்கள். பயமாயிருக்கிறது என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் மாரடைப்பு வந்து நீங்கள் போய்விட்டீர்கள்.

போன வாரம் இடது கைப்பிடியில் விரிசல் பார்த்தேன். சிலிண்டரில் நீங்கள் மிச்சம் வைத்த ஆக்ஸிஜன் கொஞ்சம் இருந்தது. இன்று முக்காலியில் உட்கார்ந்து நானே பற்றவைத்தேன். வாய் தானாக, "பழுக்குது... கறுக்குது..." என்றது. வெந்நீரில் கழுவி, நிழலில் ஆறவிட்டேன். உங்களுடையது போல வழவழப்பாக இல்லை, கொஞ்சம் முண்டும் முடிச்சும்தான்.

நஸீமா சுவர்மேல் தலையை நீட்டி, "அக்கா, நான் வந்து மொதல்ல ஊனிப் பாக்கட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். வலது கையில் நீங்கள் பற்றவைத்தது, இடது கையில் நான் பற்றவைத்தது. முழு எடையையும் இடது பக்கம் சாய்த்தேன். தாங்கியது. கதவிலிருந்து தண்ணீர்த்தொட்டி வரை நடந்தேன். பற்றவைத்த ஊன்றுகோலில், எனக்கு முன்னால் நீங்கள் நடந்து பார்க்காமல் நான் நடப்பது இதுதான் முதல் தடவை.