இடது காலுக்குத் தைத்த பாய்

என் உயிரோடு ஒட்டிய அக்காவுக்கு,

நீ குவைத்திலிருந்து சுமந்து வந்த ஓட்டப் பாய் மறுபடியும் வேலை செய்கிறது. நல்ல சேதியை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வரும் என்றுதான் இப்படித் தொடங்குகிறேன்.

ஞாபகம் இருக்கா? நீ வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் ஆடிச் சலித்துப் போட்ட டி.வி. கேம், அதோடு சுருட்டிய ஒரு பிளாஸ்டிக் பாய். மற்றவர்கள் சவர்க்காரமும் பால்மாவும் கொண்டுவருவார்கள், நீ பாயைக் கொண்டுவந்தாய். "ஏன்டி, படுக்குறதுக்கு இங்க பாயா இல்ல?" என்று தோட்டத்தில் பக்கத்து லயத்து வீட்டுப் பாக்கியம் மாமி கேட்டார். நீ வயரைப் பொருத்தி, பாயில் ஏறி மிதித்தாய். திரையில் ஒரு சின்ன மனிதன் ஓடினான். நீ நின்றால் நின்றான், குதித்தால் தடையைத் தாண்டினான். மாமி திறந்த வாயை மூடவில்லை.

நீ ஒருநாளும் நேர்மையாக ஓடினதில்லை. தோற்கப்போகிறாய் என்று தெரிந்ததும் பாயில் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் படபடவென்று அடிப்பாய். "அம்மா, கள்ளாட்டம்!" என்று உன் மகள் நிரோஷா கத்துவாள். "அவனுக்குக் கையும் காலும் ஒன்னுதான்டி. வேணும்னா கேட்டுப் பாரு" என்பாய்.

இரண்டாம் முறை குவைத்துக்குப் போனவள் சவப்பெட்டியில் திரும்பி வந்தாய். அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. தகப்பனும் இல்லாத பிள்ளை என் கையில். என்ன தைரியத்தில் என்னிடம் விட்டுப்போனாய் அக்கா?

என் வீட்டுக்காரருக்கு இன்னும் தேயிலை ஸ்டோரில்தான் வேலை, தூளைப் பெட்டியில் அடைக்கிற இடத்தில். மழை நாளில் இவருக்குச் சோறு கொண்டுபோன நிரோஷா, ஸ்டோருக்கு இறங்கும் கல்படியில் வழுக்கி விழுந்தாள். இடது கால் முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு வடிவாப் பொருந்தியிட்டுது. பிள்ளைக்குப் பயம்தான். காலை ஊண்டி நடக்கோணும். இப்பிடியே தூக்கி வைச்சிருந்தா கால் மெலிஞ்சு, நொண்டுறதே நிலைச்சுப் போயிடும்" என்றார்.

நிலைச்சுப் போயிடும். பஸ் பசறை வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அந்தச் சொல் மறுபடி காதில் விழுந்தது.

வீட்டில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தினாள். சுண்ணாம்புச் சுவரில் அவள் உள்ளங்கை பட்ட இடம் ஒரே உயரத்தில் அழுக்குக் கோடாக ஓடுகிறது. கெஞ்சினேன், திட்டினேன், மாரியம்மன் திருநீற்றை முழங்காலில் பூசினேன். ஒரு நாள் அவளாகவே கேட்டாள்: "சித்தி, அம்மா பாய எடுத்துத் தாங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பாயை விரித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. மடிப்பெல்லாம் வெடித்து, உள்ளே மின்சாரம் ஓடுகிற கறுப்புக் கோடுகள் கரித்தூளாக உதிர்ந்திருந்தன.

பதுளையில் கடை கடையாக ஏறினேன். "டி.வி.யச் சுடுற துவக்கு இருக்கு, கையால அமுக்குறது இருக்கு. காலால மிதிக்கிறத நான் கண்ணால கண்டதில்லைங்க. பாய்தான் வேணும்னா சந்தையில படுக்குற பன்பாய் வாங்குங்க" என்று ஒரு கடைக்காரர் சிரித்தார். கொழும்புக்குச் சொல்லியனுப்பியும் கிடைக்கவில்லை. இந்த நாட்டிலேயே இது ஒன்றுதான் இருந்ததோ என்னவோ.

உனக்குத் தெரியும்தானே, எனக்கு யாரும் எதையும் சொல்லித்தந்ததில்லை. திறந்து பார்ப்பேன், அவ்வளவுதான். தையலைப் பிரித்தேன். விஷயம் எளிது. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் ஓட்டை போட்ட ஸ்பொஞ்சு. மிதித்தால் ஓட்டை வழியாக இரண்டு தகடும் தொட்டுக்கொள்ளும், திரையில் அவன் ஓர் அடி வைப்பான். டி.வி. கேமோடு இணைகிற வயரும் அதன் சின்னப் பெட்டியும் நன்றாகவே இருந்தன. டோர்ச் பல்பையும் பேட்டரியையும் வைத்து எந்த வயர் எந்தப் பாதத்துக்கு என்று பார்த்து, செலவுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.

தகட்டுக்கு எங்கே போவது? தேயிலைப் பெட்டிக்கு உள்ளே விரிக்கிற வெள்ளித்தாள் இருக்கிறதே! "கேட்டு வாங்கிட்டு வாங்க. கேக்காம எடுத்ததுல புள்ள காலு வைக்கக் கூடாது" என்றேன். "கேட்டா சிரிப்பாங்கடி" என்றார் இவர். "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க." ஸ்டோரைப் பார்க்கிற டீமேக்கர் சிரித்துவிட்டுக் கிழிந்த தாள்களைக் கொடுத்தனுப்பினார்.

அந்தத் தாளில் வயரைப் பற்றவைக்கப் பார்த்தால் ஈயம் ஒட்ட மறுத்தது. உருகி உருண்டு ஓடியது. இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். ரவிக்கைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது வழி தெரிந்தது. பிரஸ் பட்டனின் இரண்டு பாதிக்கும் நடுவில் தாளை வைத்து அமுக்கினேன், கடித்துப் பிடித்துக்கொண்டது. பட்டனின் முதுகில் வயரைப் பற்றவைத்தேன். அன்று நீ இருந்திருந்தால் என்னைத் தூக்கிச் சுற்றியிருப்பாய்.

மேலே ரெக்சின் துணி. அதில் கிருஷ்ண ஜெயந்திக்கு மாவில் போடுகிற மாதிரிப் பாதங்களை வரைந்தேன். வரைந்த பிறகு பயம் வந்துவிட்டது. சாமி பாதத்தை மிதிக்கலாமா? விரல்களை அழித்துவிட்டு நிரோஷாவின் கால் அளவிலேயே திருப்பி வரைந்தேன்.

அவளைப் பாயில் நிறுத்தினோம். வலது கால் வைத்தாள், அவன் அடி வைத்தான். இடது கால் வைத்தாள், அவன் அசையவில்லை. மறுபடியும் வலது, மறுபடியும் இடது. ஒற்றைக் காலோடு நின்றுகொண்டே இருந்தான். என் தையலில் பிழை என்றுதான் நினைத்தேன். பிழையாகவே இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பட்டன்களை மாற்றினேன், வயர்களை மறுபடி பற்றவைத்தேன். நான் மிதித்தால் வேலை செய்தது, அவள் மிதித்தால் இல்லை.

கடைசியில் அவளைத் திரும்பி நிற்கச் சொன்னேன். முதுகு டி.வி.க்கு, முகம் எனக்கு. இப்போது அவளுடைய வலது கால் இருந்தது அந்தச் செத்த பாதத்தில். மிதித்தாள், வேலை செய்தது. இடது காலை அடுத்ததில் வைத்தாள், அது செத்தது.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, பாய் சரியாத்தான் இருக்கு. நான்தான் சரியில்ல."

"போடி. பாய்தான் சரியில்ல. நாளைக்குத் திருத்தித் தாரேன்" என்றேன்.

அவள் தூங்கும் பகல் நேரத்தில் இடது பாதத்தின் ஓட்டையைப் பெரிதாக வெட்டினேன். பெரிய ஓட்டைக்குப் பாரம் குறைவாகப் போதும். அளவுக்கு மீறி வெட்டிவிட்டேன் போல. டி.வி.யைப் போட்டதும் யாரும் மிதிக்காமலே திரையில் அவன் இரண்டடி வைத்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிரோஷா எழுந்து உட்கார்ந்து, "அம்மா வந்து கையால அடிக்கிறாங்க" என்று சிரித்தாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நீதானா அக்கா?

கொஞ்சம் ஸ்பொஞ்சை ஒட்டிச் சரிசெய்தேன். மெல்ல வைத்தாலே போதும் என்றானதும் அவள் ஓடினாள். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளியும் விளக்கேற்றிய கையோடு இடது ஓட்டைக்குள் ஒரு ஸ்பொஞ்சு வளையத்தை ஒட்டினேன். ஓட்டை சுருங்கச் சுருங்க அவள் இன்னும் கொஞ்சம் ஊன்றி மிதித்தாக வேண்டியிருந்தது. அவளுக்குச் சொல்லவில்லை. "பாய் இறுகுது சித்தி" என்றாள் ஒருமுறை. "புதுப் பாய் அப்பிடித்தான்" என்றேன். சாமி படத்தின் முன்னால் நின்றுகொண்டு இப்படிச் செய்யலாமா? வளையம் கூடி வலி கூடினால்? முறிந்த இடம் மறுபடி விலகினால்? நீ கையால் கள்ளாட்டம் ஆடினாய், நான் ஸ்பொஞ்சால் ஆடினேன். சரிதானா, சொல்லேன்.

அடுப்படியில் இருந்து சத்தத்தை மட்டும் கேட்பேன். வலது கால் டப் என்னும். இடது கால் துணி உரசுகிற மாதிரி. வாரா வாரம் அந்த உரசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டலானது. போன வெள்ளி கடைசி வளையம் வைத்தேன். இப்போது இரண்டு ஓட்டையும் ஒரே அளவு.

நேற்று அந்தி நேரம் அவள் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டது. வீடு முழுக்க இருட்டு. டி.வி. அணைந்த பிறகும் பாயில் சத்தம் கொஞ்ச நேரம் நிற்கவில்லை. பிறகு நின்றது. பிறகு சிமெந்துத் தரையில் கேட்டது. டப், டப். சுவரில் கை உரசும் சத்தம் இல்லை. எது இடது, எது வலது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை அக்கா.

"சித்தி, வெளக்கு எங்க?"

நெருப்புப் பெட்டி என் கைக்குள் இருந்தது. உரசவில்லை. "இங்க காணோம்டா. அந்தப் பக்கம் சாமான் அடுக்குற ராக்கையில பாரு" என்றேன். அவள் திரும்பி நடந்தாள். நான் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வந்ததும் அவள் கை மறுபடி சுவரைத் தேடிப் போனது. அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அதற்கு அவள் விழுந்த அந்தக் கல்படியில்தான் இறங்க வேண்டும். படியில் ஸ்பொஞ்சு வைக்க முடியாது. கதிர்காமத்துக்கு நேர்ந்திருக்கிறேன், மாணிக்க கங்கையிலிருந்து கோயில் வாசல்வரை அவள் தன் காலால் நடந்து வருவாள் என்று. அது முருகனுக்குக் கொடுத்த வாக்கு. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். திங்கட்கிழமை காலையில் நான் அவளுக்கு ஒரு படி கீழே இறங்குவேன். கையை நீட்ட மாட்டேன், திரும்பிப் பார்க்கவும் மாட்டேன். முதுகுக்குப் பின்னால் வருகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு இறங்குவேன்.

உன் மகளின் சித்தி,
உன் கள்ளாட்டத்தைக் கற்றுக்கொண்ட தங்கை