மேற்குப் பக்கத்துத் தகரம்

நேற்று கேரட் கழுவும் கொட்டகையில் உங்கள் படத்தை மாட்டினார்கள், மேடம். சாமந்தி மாலை போட்டு ஊதுபத்தியும் கொளுத்தினார்கள். அந்தப் புகைக்குள்ளேயும் எனக்கு ஈரச்சாக்கு வாடைதான் அடித்தது. படத்தைக் கொண்டுவந்த இரண்டு பையன்களும் உங்களிடம் வேலை பார்த்தவர்களாம். கொட்டகையைப் புகழ்ந்துகொண்டே மேற்குப் பக்கத்துத் தகரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். அந்தத் தட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

உங்களையும் முதலில் நான் நம்பியதில்லை. பூண்டி ஓடையில் குத்தவைத்துக் கழுவிக்கொண்டிருந்த எங்களுக்கு, நின்று கழுவ இடுப்பளவுத் தொட்டியும் மேலே கூரையும் வரைபடம் போட்டுக் கட்டித் தந்தீர்கள். சரி. மேற்குப் பக்கத்தை எதற்குத் திறந்து விட்டீர்கள்? பள்ளத்தாக்கு தெரியட்டும் என்றீர்கள். கேரட் கழுவுகிறவள் குனிந்த தலை நிமிர மாட்டாள், பிறகு யாருக்குத் தெரிய வேண்டும் என்று அன்றே மனதில் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

கொட்டகை நன்றாக அமைந்திருக்கிறதா, எங்களுக்கு உதவுகிறதா என்று பார்த்துச் சொல்ல வெளியூரிலிருந்து சிலர் வந்தார்கள். அவர்கள் சரி என்றால் இதே மாதிரி பக்கத்து ஊரான போளூரிலும் கட்டுவதாகப் பேச்சு. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. வெளியாள் வந்தால் நல்ல சேலை உடுத்திக்கொள்வோம். எதைக் கேட்டாலும் நல்லா இருக்கு என்போம். தேடி வந்தவர் முகம் வாடக் கூடாது. இடுப்பில் கட்டியிருந்த உரச்சாக்குகளை அவிழ்த்துப் பூண்டுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்தாயிற்று. என்னை முன்னால் நிறுத்தி, “சிரிங்கக்கா” என்றீர்கள். அதை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

வந்தவர்கள் மெச்சிவிட்டு ஜீப் ஏறினார்கள். நீங்கள் ஏறவில்லை. குவியலைச் சுற்றிப் போய், சொட்டச் சொட்ட ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

“இது எதுக்குக்கா?”

“வயிறு நனையாம இருக்க.”

“தொட்டிதான் ஒசரமா இருக்கே. தண்ணி எங்கேருந்து வருது?”

பக்கத்தில் நின்றவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

“நீங்க தெறந்து விட்ட பக்கத்துக் காத்துலேருந்து. சாரலா அடிக்குது. பள்ளத்தாக்கப் பாத்துக்கிட்டே நனையிறோம்.”

உங்கள் முகம் சுண்டிப்போனது. இனி இந்தப் பக்கம் வரமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளனே வந்து, சாக்குக் கட்டாமலே ஒரு மூட்டை கேரட்டைக் கழுவி முடித்தீர்கள். பல் தந்தியடித்தது. போளூரில் இப்போது கட்ட வேண்டாம் என்று அங்கே நின்றே போனில் சொன்னீர்கள். அடுத்த தடவை தகரத்தோடு வந்தீர்கள்.

தகரம் அடித்த பிறகும் எப்படி இருக்கிறது என்று எங்களைக் கேட்கவில்லை. மழை நாளாகப் பார்த்து வந்து எங்கள் இடுப்பைப் பார்த்தீர்கள். நானாகவே நல்லா இருக்கு என்றேன்.

“வாய் சொல்றத நம்ப மாட்டேன்க்கா. சாக்க அவுத்தாத்தான் நம்புவேன்” என்றீர்கள்.

என்னைவிடப் பெரிய சந்தேகப் பேர்வழி. கீழே இன்னொரு தகரம் அடித்த பிறகுதான் சாக்கு அவிழ்ந்தது. அன்றைக்குத்தான் உங்களோடு உட்கார்ந்து டீ குடித்தேன்.

நேற்று அந்தத் தட்டலுக்கு அர்த்தம் விளங்கியது.

“மேடம் வரைஞ்சதுல இந்தத் தகரம் கெடையாது பாட்டி. அவங்கள பத்தி ஒரு புக்கு போடுறோம். கழட்டிட்டு போட்டோ எடுத்துட்டு, திரும்ப மாட்டிருவோம்” என்றான் ஒருவன்.

மாட்டுவானாம். யார் கண்டது? எங்கள் பெண்கள் வழக்கப்படி சிரித்துத் தலையாட்டினார்கள். நான் போய்த் தகரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். போட்டோ எடுக்கிறதென்றால் தகரத்தோடு என்னையும் சேர்த்து எடுங்கள் என்றேன். எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் யார் எதை நல்லா இருக்கு என்றாலும் நான் வாயைப் பார்ப்பதில்லை, இடுப்பைத்தான் பார்க்கிறேன். அந்தப் பையன்கள் மறுபடி வருவார்கள், எனக்குத் தெரியும். அதனால் அவர்கள் கிளம்பியதும் உங்கள் படத்தைத் தூணிலிருந்து எடுத்து, அந்தத் தகரத்தின் மேலேயே மாட்டச் சொல்லிவிட்டேன். இனி உங்கள் மாலையில் கை வைக்காமல் அதைக் கழற்ற முடியாது.