நூற்று அறுபத்தெட்டு வகுத்தல்கள்

அன்புள்ள சிநேகிதிக்கு,

"ஏன் புள்ள, பத்து இலட்சத்து மூண்டு முதன்மை எண்ணா எண்டு அறிய எல்லா எண்ணாலயும் வகுக்கணுமா?" என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் கேட்டாய். வேண்டாம் என்றேன். 97க்கு 7 வரையுள்ள முதன்மை எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினாலே அதைத் தாண்டிவிடும். உன் எண்ணுக்கு ஆயிரம் வரையுள்ள 168 முதன்மை எண்கள் போதும். ஓய்வுபெற்ற பிறகு அந்த 168 வகுத்தல்களையும் நான்தான் செய்தேன். அந்தக் கணக்கு எழுதிய கொப்பியைப் பார்க்கவென்று வாங்கிப் போனாய்.

இப்போது பாடசாலை மலரில் அது உன் பெயரில் மட்டும் வந்திருக்கிறது. "உங்கட சிநேகிதி கெட்டிக்காரிதான் டீச்சர்" என்று அதிபர் செட்டிபாளையம் சந்தியில் என்னிடமே சொன்னார். சிரித்துக்கொண்டு ஓம் என்றேன்.

பத்து இலட்சத்து ஒன்றும் முதன்மை எண் என்று அந்தக் கொப்பியில் பிழையாக எழுதியிருந்தேன். அதையும் அப்படியே அச்சேற்றியிருக்கிறாய். 101ஆல் ஒருமுறை வகுத்துப் பார்.

இப்படிக்கு,
உன்னோடு இருபது வருடம் படிப்பித்தவள்