உங்கள் பங்கு அரிசி

என்னைவிட நெடுநாள் இந்த வீட்டில் வாழ்ந்த என் நங்கையாவுக்கு,

உங்களுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் இந்தக் கடிதத்தை ஊரார் படிக்கும்படி பத்திரிகைக்கு அனுப்புகிறேன். யாராவது வாய்விட்டுப் படிப்பார்கள், நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நங்கையா என்றால் எங்கள் பக்கத்தில் கணவரின் அக்கா. என் கணவர் போன பிறகு பதினோரு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் இந்த வீட்டில் தனியாக இருந்தோம். போன கார்த்திகையில் அவரும் போய்விட்டார்.

போனவர் என்று நான் சொல்கிறேனே தவிர, சர்க்கார் கணக்கில் நீங்கள் சித்திரை வரை உயிரோடு இருந்தீர்கள், நங்கையா. ரேஷன் கார்டில் உங்கள் பெயர் இருந்தது. வாரந்தோறும் உங்களுக்கும் அரிசி வந்தது. வாங்கி வந்தவள் நான்.

இதைக் கேட்டால் சிரிப்பீர்களா, முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களா? எனக்குத் தெரியவில்லை. பெருமைக்காரி என்று என்னை நீங்கள் அறிவீர்கள். "இஸ்கூலுக்காரி" என்று கூப்பிடுவீர்கள். சேலத்துக் கன்னியர் மடத்தில் ஏழு வருஷம் படித்தவள் என்று நான் எத்தனை தடவை சொல்லிக்காட்டியிருப்பேன். அங்கே எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். நோட்டைக் கொடுக்கும் முன் நம் பிழையை நாமே தேடி அடியில் கோடு போட வேண்டும். போட்டுவிட்டால் தண்டனை இல்லை. அவர் கண்டுபிடித்தால் பிரம்பு. ஏழு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அடி வாங்கியதில்லை.

உங்கள் முந்தானை முடிச்சை நான் எவ்வளவு கேலி செய்தேன். எந்த நேரமும் அதில் ஒரு பிடி அரிசி இருக்கும். தாது வருஷப் பஞ்சத்தில் நீங்கள் எட்டு வயதுக் குழந்தை. வீட்டில் ஆறு பேரில் நீங்களும் தம்பியும் மிஞ்சினீர்கள். அதற்குப் பிறகு அரிசி இல்லாத சேலையை நீங்கள் உடுத்தவேயில்லை. துவைக்கும்போது அவிழ்த்து வேறு சேலையில் முடிந்துகொள்வீர்கள். "எலி மாதிரி எதற்கு நங்கையா சேர்த்துவைக்கிறீர்கள், பஞ்சம் போய் ஐம்பது வருஷம் ஆகிறது" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். நீங்கள் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "போச்சுன்னு யாரு சொன்னது அம்மிணி?" என்பீர்கள்.

உலகச் சண்டை வந்தது. பர்மா அரிசி நின்றது. வங்காளத்தில் ஜனங்கள் தெருவில் விழுந்து கிடக்கிறார்கள் என்று பேப்பரில் வந்ததை உங்களுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு கேட்டீர்கள், "அங்கயும் தாது வருசமா அம்மிணி?" எனக்கு அப்போது எரிச்சல் வந்தது. இப்போது யோசித்தால், அது எரிச்சல் அல்ல. பயம் எனக்குள் இறங்கிய நாள் அது.

ஊர் மாறியதை நீங்களும் பார்த்தீர்கள். தெருவில் எதிர்ப்பட்டால் "சோறு உண்டாச்சுங்களா" என்று கேட்பதை ஜனங்கள் விட்டுவிட்டார்கள். இல்லை என்று பதில் வந்தால் என்ன செய்வது? உலை வைத்தால் கதவைச் சாத்தினார்கள். நூல் வராமல் தறிகள் ஓய்ந்தபோது தெருவே செவிடாகிப் போனது. யார் வீட்டில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எல்லோரும் மோப்பம் பிடித்தோம். நான் நன்றாகவே பிடித்தேன்.

நீங்கள் போன அன்று வந்து உங்களைக் குளிப்பாட்டியவள் அடுத்த வீட்டுத் தறிக்காரர் மனைவி. அவளைப் பாவாயி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் உங்களுக்குத் தெரியும். சேலையைக் களையும்போது முடிச்சு அவள் கையில் தட்டுப்பட்டது. அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "வாய்க்கரிசிக்கு அவங்களே வெச்சிட்டுத்தான் போயிருக்காங்க" என்றாள். அந்த அரிசியைத்தான் உங்கள் வாயில் போட்டோம்.

இதைச் சொல்ல எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. அந்த நிமிஷம் எனக்கு அழுகைக்கு முன்னால் ஒரு நிம்மதி வந்தது. நம் பானையைத் திறக்க வேண்டியதில்லை என்ற நிம்மதி.

காரியம் முடிந்த வாரம் ரேஷன் கடைக்குப் போனேன். பெயரை எடுக்கச் சொல்லத்தான் போனேன். கடைக்காரர் வழக்கம்போல இரண்டு பேருக்கு அளந்து பையில் கொட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் சொல்லலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரம் கார்டை நீட்டும்போது கடைக்காரர் முகத்தை நான் பார்க்கவில்லை. மூன்றாம் வாரம் பார்த்துக்கொண்டே நீட்டினேன்.

எனக்குப் பசி இல்லை, நங்கையா. அதுதான் எனக்கே விளங்கவில்லை. என் பங்கே எனக்கு மிஞ்சும். உங்கள் பங்கை நான் சமைக்கக்கூட இல்லை. உள்ளறைப் பானையில் கொட்டி, துணி கட்டி, மேலே அம்மிக்குழவியை வைத்தேன். பகலில் இரண்டு தடவை போய்க் குழவியைத் தொட்டுப் பார்ப்பேன்.

இதற்கிடையில் எனக்கு ஒரு பதவியும் வந்தது. கார்டுகளைச் சரிபார்க்க எழுத்தறிந்தவர்களைக் கேட்டார்கள். எங்கள் வீதிக்கு என்னை விட்டால் யார்? மாசி மாதம் சாவடியில் மேஜை போட்டு, பக்கத்தில் ரெவின்யூ இன்ஸ்பெக்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் சிவப்புப் பென்சில்.

பாவாயியின் கார்டு வந்தது. அவள் மாமியார் பெயர் அதில் இருந்தது. அந்தக் கிழவி தையில் இறந்தது எனக்குத் தெரியும்.

"செத்தவங்களுக்கு எதற்கு அரிசி?" என்று கேட்டேன். எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

"எடுக்கோணும்னுதானுங்க இருந்தேன். அவரு தறியில்லாம கெடக்கறாருங்க. புள்ளைங்க..."

"ஆளுக்கு ஆள் இப்படிச் செய்தால் உயிரோடு இருக்கிறவர்கள் என்ன செய்வது? வெட்கமாக இல்லை?"

சொல்லிவிட்டு அந்தப் பெயரை அடித்தேன். நேர்கோடாக அடித்தேன். சாய்ந்தால் எனக்குப் பிடிக்காது.

அவள் கார்டை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றாள். இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான் கேட்டார், "அப்படியே உங்க கார்டையும் பார்த்துடலாமுங்களா அம்மா?" கொடுத்தேன். "ரெண்டு பேருன்னு இருக்கு. இன்னொருத்தர் யாருங்க?"

சாவடியில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பாதிப் பேர் உங்கள் பாடைக்குப் பின்னால் நடந்தவர்கள். நான் பென்சிலை மேஜையில் உருட்டினேன். அப்போது பாவாயி சொன்னாள்:

"பெரியம்மாங்க சாமி. உள்ளார படுத்திருக்காங்க. கண்ணு செரியாத் தெரியாது, நடக்க மாட்டாங்க."

இன்ஸ்பெக்டர் டிக் போட்டார். கூட்டத்தில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? குழவியைத் தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பாவாயி வாசலுக்கு வந்தால் நான் கொல்லைக்குப் போய்விடுவேன். உங்கள் அரிசியை வாங்குவதை மட்டும் நிறுத்தவில்லை.

சித்திரையில் ஒருநாள் உள்ளறைச் சுவரில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. பானையின் துணியை அவிழ்த்தேன். அரிசி முழுக்க வண்டு. ஐந்து மாதத்து உங்கள் பங்கு, பாதி மாவாகிக் கிடந்தது. பசித்துத் தின்றிருந்தாலாவது உங்கள் முகத்தைப் பார்த்து ஒரு நியாயம் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்?

புடைத்துத் தேறியதை முறத்தில் எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் பாவாயி வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தைப் பார்த்தாள். ஒரு வண்டு விளிம்பில் நடந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கம்மா, வண்டுக்கெல்லாம் கார்டு எழுதிக் குடுத்தாப்பல இருக்குதுங்களே," என்றாள்.

நான் நின்றபடியே கேட்டேன், "அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னாய்?"

"பின்ன என்னங்க பண்றது? அவங்களக் குளிப்பாட்டி அனுப்புன கை இது. சபையில நிறுத்தி மறுக்காச் சாகடிக்க எனக்கு மனசு வல்லீங்க." முறத்தை வாங்கிக் கீழே வைத்தாள். "எங்க மாமியா பேர நீங்க செவப்புல அடிச்சீங்களே, அன்னிக்குத்தானுங்க எங்கூட்டுக்காரரு அளுதாரு. எளவு அன்னிக்குக்கூட அளுவுல."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் விடவில்லை.

"பெரியம்மா முடிச்சு அரிசி யாருக்குன்னு நெனச்சீங்க? தெனமும் மத்தியானம் நீங்க பேப்பரு படிச்சிட்டு அசந்தீங்கன்னா பின்பக்கம் பொடக்காளி வழியா வந்துருவாங்க. எங்க மாமியாளுக்கு அந்தப் பிடி. பல்லில்லாத ரெண்டும் பச்சரிசிய வாயில போட்டு ஊற வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். ரெண்டும் தாது வருசத்துப் புள்ளைங்க. பேச்சே இருக்காதுங்க."

தினமும் அவிழ்த்துத் தினமும் முடிந்தீர்களா, நங்கையா? எலி என்று நான் சொன்னபோது ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

ரேஷன் ஆபீசுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். நீ சாவடியில் சொன்ன பேச்சும் வெளியே வரும், உனக்கு ஏதாவது ஆகுமோ என்று கேட்டேன். "என்ற கார்டத்தான் ஏற்கனவே அடிச்சாச்சே. இன்னம் என்னத்த அடிப்பாங்க, போய்ட்டு வாங்க," என்றாள்.

மறுநாள், பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் ஆபீசுக்குப் போனேன். மேட்டில் பஸ் நின்று, ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று அங்கே ஒரு தடவை நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

குமாஸ்தா நல்ல மனிதர். பெயர் நீக்கும் தாளில் இறந்த தேதி கேட்டிருந்தது. "போன வாரம்னு போட்டுக்குங்கம்மா. உங்களுக்கும் கௌரவம், எனக்கும் எழுத்து வேலை மிச்சம். பெரிய வீட்டு அம்மாவுங்களை யாரு கேக்கப்போறாங்க?"

பாவாயியிடம் யாரும் இப்படிச் சலுகையாகச் சொல்லவில்லை. நான்தான் மேஜைக்குப் பின்னால் இருந்தேன். சொல்லியிருக்கலாம்.

நீங்கள் போன நாளையே எழுதினேன். அடியில் கோடும் போட்டேன். அவர் முகம் சுருங்கியது. "சோதனை அன்னிக்கு உள்ளே இருக்காங்கன்னு யாரோ சொன்னாங்களாமே?" என்றார். "நான் மேஜையருகில் பேசாமல் இருந்தேன். அதை எழுதிக்கொள்ளுங்கள்," என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கியதற்கு ஈடாக என் பங்கில் பாதியைப் பிடிக்கிறார்கள். சோளக் களி கிண்டுகிறேன், உங்கள் அளவுக்கு வரவில்லை. பென்சிலைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சிஸ்டரின் வழக்கப்படி தண்டனை இருக்கக் கூடாதுதான். ஆனால் அது, பிறர் பார்ப்பதற்கு முன் கோடு போட்டவர்களுக்கு. ஊரே பார்த்த பிறகு போட்டவள் நான்.

கடை வரிசையில் இப்போது என்னைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பாவாயி மட்டும் போன வாரம் வரிசையின் பின்னாலிருந்து உரக்கக் கேட்டாள், "ஏனுங்கம்மா, சோறு உண்டாச்சுங்களா?" அந்தக் கேள்வியைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. இல்லை என்று சொன்னேன். உண்மை அதுதான்.

நங்கையா, இன்று காலை சேலை மாற்றும்போது முந்தானையில் ஒரு பிடி அரிசி முடிந்துகொண்டேன். என் பாதிப் பங்கிலிருந்து எடுத்தது. மத்தியானம் பேப்பரை மடித்துவைத்துவிட்டுப் பொடக்காளி வழியாகப் போவேன். யார் பசியோடு இருக்கிறார்களோ அங்கே அவிழ்ப்பேன். என் வாய்க்கரிசிக்கு என்று ஒரு நாளும் மிச்சம் வைக்க மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

முடிச்சு இறுக மாட்டேன் என்கிறது. நீங்கள் எப்படிப் போடுவீர்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள் தம்பி பெண்டாட்டி,
இஸ்கூலுக்காரி தனலட்சுமி