தொழில்: இல்லை

திருவொற்றியூர்
12-8-1954

சௌபாக்கியவதிக்கு,

ஆசீர்வாதம் எழுதும் மனநிலையில் நான் இல்லை. பகலில் ஆபீஸ், மாலையில் சமூகநலப் பட்டயப் படிப்பு என்று நாற்பத்தாறு வயதில் அல்லாடுகிறவனை விட்டுவிட்டு, ஒரு தாளுக்காகவா பிறந்தகம் போவது? வகுப்பில், முதல் கணக்கெடுப்பைச் சொந்த வீட்டில் செய்யச் சொன்னார்கள். உன் பெயருக்கு எதிரே 'தொழில்: இல்லை' என்று எழுதினேன். எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். நீ ரவிக்கை தைத்துத்தான் என் படிப்பு நடக்கிறது என்று ஊருக்குச் சொல்ல வேண்டுமா?

நேற்று காசிமேட்டில் குப்பம்மா என்ற மீன்காரிக்கும் 'இல்லை' என்றே போட்டேன். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டியதும் தலைக்கூடையை இறக்கினாள்.

"இன்னா நைனா, நான் கூடை தூக்கலன்னா இந்த வூட்ல அடுப்பு எரியுமா? உன் வூட்டம்மாவும் சும்மாதான் குந்திகினு கீதா?"

குப்பமே சிரித்தது. நீதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாயோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

என் கோபம் தீரவில்லை. ஆனாலும் புதுத் தாள் ஒன்றை இணைத்திருக்கிறேன். உன் வரியை நீயே நிரப்பு. திங்கட்கிழமை வகுப்பில் கொடுத்தாக வேண்டும். தபாலை நம்ப முடியாது. நேரில் கொண்டு வா.

இப்படிக்கு,
பொத்தான் அறுந்த சட்டையோடு வகுப்புக்குப் போகிற
உன் வீட்டுக்காரன்