உம்மட பிழையைத் திருத்திப்போட்டம், மச்சான்

அன்புக்கும் சண்டைக்கும் உரிய மச்சான் சுதனுக்கு,

உம்மட ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறம். எல்லாரும் கண்ணீர்க் கவிதை தந்திட்டினம். "நீங்களும் ஏதாவது எழுதுங்கோ அண்ணை" என்று வசந்தி தாளையும் பேனையையும் என் முன்னால் வைச்சிட்டுப் போயிட்டா. அஞ்சாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது தப்பினது பள்ளிக்கூடம்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் நீர். ஆனபடியால் இதில் பிழை இருந்தால் திருத்தி வாசியும். உம்மட எழுத்திலும் ஒரு பிழை இருந்தது. அதை நாங்கள் திருத்திப்போட்டம். அதைச் சொல்லத்தான் எழுதுறன்.

வாசிக்கிற மற்ற ஆக்களுக்காக ஒரு சொல். என்ர தங்கச்சி வசந்தியைக் கட்டின இந்த மனுசன் கொழும்பு வேலையை விட்டிட்டு வந்து, அன்புவழிபுரம் வீட்டுப் பின்னறையில் இருந்து ஒரு பெட்டி செய்தவர். சாப்பாட்டுப் பெட்டி அளவுதான். வள்ளத்தில் பூட்டிவிட்டால், கடலில் ஆபத்து வரும்போது சிவப்புப் பொத்தானை அமத்தலாம். வள்ளம் நிற்கிற இடம் உடனே கரையில் உள்ள போனுக்கு வந்திடும். பெட்டிக்குள்ளே ஓடுகிற சிஸ்டம் சொப்ட்வெயர் முழுக்க அவர் தன் கையால் எழுதினது. "சிஸ்டம் எண்டா என்னடாப்பா?" என்று நான் கேட்டதற்கு, "வள்ளத்துக்கு நீங்கள் மாதிரி. ஆனா இது குடிக்காது" என்று சொன்னவர். அப்படி ஒரு வாய்.

நீர் போன பிறகு உப்புக்காற்று பழைய பெட்டிகளை ஒவ்வொன்றாய்த் தின்னத் தொடங்கிச்சுது, மச்சான். அதுக்குள்ளே இருந்த சிப் இப்போது கடையில் இல்லை. கிண்ணியாவிலிருந்து வந்து உம்மோடு வேலை செய்த ரிஸ்னாதான் புதுச் சிப் வாங்கி, உம்மட எழுத்தை அதில் ஏற்றினா. புதுச் சிப்புக்குப் புதுக் கம்பைலர் வேணுமாம். நீர் எழுதினதைப் பெட்டிக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற சாமான்தான் கம்பைலர் என்று எனக்கு இப்போது தெரியும். இவ்வளவு காலமும் அது உமக்குத் தெரிந்த ஆரோ ஒரு ஆள் என்றுதான் நினைச்சிருந்தனான். அவ்வளவுக்கு அதோடு சண்டை பிடிப்பீர்.

புதுப் பெட்டியில் பச்சை லைட் எரிந்தது. குச்சவெளிக் கரையில் வைத்து, மீனவர் சங்கத்து ஆக்கள் எல்லாரும் பார்க்க, என்ர வள்ளத்தில் ஏறிப் பொத்தானை அமத்தினன். போன் அசையவில்லை. திரும்ப அமத்தினன். ஒன்றுமில்லை. ரிஸ்னா பெட்டியைக் கழற்றிக் கொண்டுபோய் மேசையில் வைத்து, வயரைக் கொழுவி, பெட்டி என்ன செய்யுது என்று ஒவ்வொரு அடியும் எழுதிக் காட்டச் சொன்னா. அந்த நேரம் பொத்தானை அமத்த, போன் அடிச்சுது. வயரைக் கழற்றினால் திரும்பவும் ஊமை. ஆள் பார்த்துக்கொண்டு நின்றால் வேலை செய்யும், திரும்பினால் படுத்திடும். இந்தக் குணம் ஆரிட்ட இருந்து வந்தது என்று வசந்தியைக் கேட்டனான். அவ உம்மட படத்தைப் பார்த்தா.

சங்கத் தலைவர் என்னை விடவில்லை. "என்ன தவம், மேசையில மட்டும் வேலை செய்யுற பெட்டியை வைச்சுக்கொண்டு கடலில என்ன செய்யுறது?"

"என்ர மச்சான்ர எழுத்தில பிழை வராது. வேற எங்கயோ பிழை" என்று கூட்டத்தில் எழும்பி நின்று கத்தினன். ஒரு கொம்பனி தன்னுடைய பெட்டியை விற்கத் தலைவரோடு கதைச்சுக்கொண்டிருந்தது. வாடைக்காற்று தொடங்கிக் கடல் கொந்தளிக்க முதல், அடுத்த கூட்டத்தில் முடிவு. அவையளின் பெட்டியை ஆரும் திறக்க ஏலாது. பழுதானால் கொழும்புக்கு அனுப்பிப்போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உம்மட பெட்டிகள் குப்பைக்கு.

ரிஸ்னா வேலையில் இறங்கினா. முதலில் புதுக் கம்பைலருக்கு, "உன்ர புத்தியைப் பாவிக்காதே, எழுதினதை எழுதின மாதிரியே மாற்று" என்று ஒரு கட்டளை கொடுத்தா. பெட்டி வேலை செய்தது. பிறகு ஒவ்வொரு பகுதியாய்ப் புத்தியைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தா. ரேடியோவை எழுப்புகிற பகுதிக்கு வந்ததும் பெட்டி ஊமையாகிச்சுது. அந்த இடத்தில் நீர் எழுதியிருந்தது, சும்மா எண்ணிக்கொண்டு நிற்கிற ஒரு வரி. ரேடியோ கண் முழிக்கும் வரைக்கும் பெட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பொழுதைப் போக்க வேணும். அதுக்கு மேலே "இதில் கை வைக்க வேண்டாம்" என்று எழுதி வைச்சிருந்தீர். ஏன் என்று ஒரு சொல் இல்லை. மனுசர் என்றால் அதை வாசிச்சுப் பயப்படுவினம். கம்பைலர் அதை வாசிக்கவே வாசிக்காதாம்.

"பழைய கம்பைலர் எண்ணச் சொன்னா எண்ணும் அண்ணன்" என்றா ரிஸ்னா. "புதுசு யோசிக்கும். இந்த எண்ணுறதால ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு அந்த வரியையே தூக்கிப்போட்டுட்டுது. பெட்டி நித்திரையில கிடக்கிற ரேடியோவோட கதைக்குது. நான் வயரைக் கொழுவினா, எழுதிக் காட்டுறதுக்கு அதுக்குக் கொஞ்ச நேரம் போகுது. அதுக்குள்ள ரேடியோ எழும்பிரும்."

"அப்ப கம்பைலரில பிழை."

"இல்லை அண்ணன். அது செய்தது சட்டப்படி சரி. இப்பிடி எண்ணிக்கொண்டு நிண்டா தூக்கிருவன் எண்டு அது சொல்லித்தான் வைச்சிருக்கு. சுதன் அண்ணன் எழுதினதுதான் பிழை."

எனக்கு வந்த கோபத்துக்கு, நீர் உயிரோடு இருந்திருந்தால் ரிஸ்னாவை விட்டிட்டு உம்மைத்தான் பிடிச்சு உலுக்கியிருப்பன். ஊருக்கு முன்னால் சத்தியம் பண்ணாத குறையாய்ச் சொல்லிப்போட்டு வந்தவனல்லோ நான்?

"புத்தியைப் பாவிக்காதே எண்டு சொன்னா வேலை செய்யுதுதானே. அப்பிடியே விடுங்கோ. ஒருத்தருக்கும் தெரிய வேண்டாம்" என்றன்.

அவ தலையை ஆட்டினா. "இண்டைக்கு ஓடும். நாளைக்கு இதை விட வேகமான சிப் வந்தா, எண்ணி முடிச்சிரும், ரேடியோ எழும்பியிராது. அந்த நேரம் பொத்தானை அமத்துறவன் கடலில நிப்பான் அண்ணன்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த வசந்தி கத்தியை வைக்காமலே குசினியில் இருந்து சொன்னா: "அவருக்குப் பிழை வரும் அண்ணை. நான் கட்டினவள், எனக்குத் தெரியாதா? திருத்துங்கோ."

அவ்வளவுதான். இப்போது பெட்டி எண்ணுவதில்லை. "எழும்பிட்டியா" என்று ரேடியோவைக் கேட்கும். அது ஓம் என்று பதில் சொன்னால்தான் அனுப்பும். சொல்லாவிட்டால் சிவப்பு லைட்டைப் போட்டு, கரையில் நிற்கும்போதே எங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். இதை நீரே முதலில் எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை? அவசரமா? பிறகு பார்ப்பம் என்று விட்டீரா? உமக்குப் பிறகு என்று ஒன்று இருக்காது என்று ஆருக்குத் தெரியும்?

கூட்டத்தில் நான் எழும்பினன். "தலைவர், என்ர மச்சான்ர எழுத்தில பிழை இருந்தது. கண்டுபிடிச்சாச்சு. திருத்தியாச்சு."

கொம்பனிக்காரத் தம்பி நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "எங்கட பெட்டியில அப்பிடிப் பிழை ஒண்டும் வராது ஐயா" என்றார்.

"போன கூட்டத்தில நானும் இதே இடத்தில நிண்டு இதைத்தான் சொன்னனான் தம்பி. உங்கட பெட்டியில பிழை வந்தா நாங்கள் திறந்து பார்க்கலாமோ?"

"அது ஏலாது."

"அப்ப அதைக் கொண்டு போங்கோ. பிழை வராத பெட்டி எங்களுக்கு வேண்டாம். பிழை வந்தா எங்கட கையால திருத்தக்கூடிய பெட்டி போதும்."

தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையே தன்னுடைய வள்ளத்திலும் பூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். முதலில் நான்தான் கரை மறையும் தூரத்துக்கு ஓடிப் பொத்தானை அமத்தினன். கரையில் வசந்தியின் போனுக்குச் செய்தி போய், உடனே என் போன் அடிச்சுது.

"அண்ணை, உயிரோட இருக்கிறியளா?" வசந்தி.

"இல்லை. செத்தாப் பிறகு கதைக்கிறன். உன்ர புருசனும் பக்கத்தில நிக்கிறார், குடுக்கட்டோ?"

அவ சிரிச்சா. நீர் போன பிறகு அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டது அன்றைக்குத்தான். எனக்குக் கொஞ்ச நேரம் கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. காற்று, வேறொன்றுமில்லை.

இனிக் கேளும் மச்சான். சாவு உம்மைக் கொண்டு போயிருக்கலாம், உம்மட பெட்டியைக் கொண்டு போக விடமாட்டம். அதுக்காக உம்மட எழுத்தைச் சாமிப்படம் மாதிரிச் சுவரில் மாட்டிக் கும்பிடவும் மாட்டம். இன்னும் ஒரு கம்பைலர் வரும், உம்மட இன்னும் ஒரு பிழை வெளியில் வரும். வரட்டும். உம்மைக் கேட்காமலே திறப்பம், உம்மைத் திட்டித் திட்டித் திருத்துவம், திருத்தினதை என்ர வள்ளத்தில்தான் முதலில் கடலுக்குக் கொண்டு போவம். இது என்ர வாக்கு. உமக்குப் பிடிக்காவிட்டால் எழும்பி வந்து சண்டை பிடியும். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறன்.

இப்படிக்கு,
வசந்தியின் தமையன், உம்மைத் திட்ட ஊரில் முழு உரிமையும் உள்ள ஒரே மச்சான்,
தவம்